நோய்க் காலப் பயணமும் பொது அறமும்

பிறநாடொன்றில் உணவினாற் பரவும் நோய் தோன்றியுள்ளது என்ற செய்தி வந்ததும், அந்நாட்டுக்குப் பிள்ளைகளோடு புறப்பட ஆயத்தமாயிருக்கும் குடும்பத்தினரின் உள்ளத்தில் எழும் முதற்கேள்வி ‘நாம் போகலாமா?’ என்பதே. வைத்தியரிடம் கேட்பார்கள், பயணச்சீட்டு விற்பவரிடம் கேட்பார்கள், அந்நாட்டில் வாழும் உறவினரிடம் தொலைபேசியிற் கேட்பார்கள். ஒவ்வொருவரும் தத்தம் அறிவுக்கும் நலனுக்கும் ஏற்ப ஒவ்வொரு விடை பகர்வர். மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து இது மருத்துவஞ் சார்ந்த கேள்வியாகவே தோன்றும். எத்தனை பேருக்கு நோய் கண்டது, எவ்வுணவினால் வந்தது, எந்தப் பகுதியிற் பரவியது என்று கணக்குப் பார்த்தால் விடை கிடைத்துவிடும் போலவும் தோன்றும். ஆயின் அக்கேள்வியின் உள்ளே வேறொரு கேள்வி மறைந்து கிடக்கின்றது. பாதுகாப்பு என்பது ஒரு குடும்பம் தனக்கெனத் தேடிக்கொள்ளக்கூடிய பொருளா? அன்றி, எல்லார்க்கும் பொதுவாக இருந்தாலன்றி எவர்க்கும் முழுமையாகக் கிட்டாத பொருளா?

இக்கேள்வியை இரு சாரார் இலேசாகத் தள்ளிவிடுவதுண்டு. ‘என் பிள்ளை, என் பணம், என் முடிவு, இதில் ஊரார்க்கு என்ன?’ என்பார் ஒரு சாரார். ‘உல்லாசப் பயணம் போகும் வசதி படைத்தோரின் கவலை இது, உண்ண உணவின்றி உழல்வோர் கோடிக்கணக்கில் இருக்க, இதைப்பற்றி எழுதுவானேன்?’ என்பார் மற்றொரு சாரார். பின்னவர் பெரும்பாலும் நம்மோடு கருத்தொருமிப்பு உடையவர்களே. ஆயினும் அவர்கள் கூற்றையும் ஏற்பதற்கில்லை. தன் குழந்தையின் உயிரைப்பற்றி ஒரு தாய் கொள்ளும் அச்சம் எந்த வர்க்கத்தின் தனியுடைமையும் அன்று. அன்றியும், பயணஞ் செய்வோர் எல்லாரும் உல்லாசம் நாடிச் செல்வோர் அல்லர். 1983ஆம் ஆண்டின் பின்னர் நம்மவருட் பல்லாயிரவர் ஐரோப்பிய நாடுகளெங்குஞ் சிதறிக் குடியேறினர். மகளின் பிரசவத்துக்கும் தமையனின் மரணச் சடங்குக்கும் எல்லை கடந்து செல்வது இன்று நமது சாதாரண குடும்பங்களின் வாழ்வோடு பிணைந்துவிட்டது. ஆகவே அக்கேள்வியை ஆராய்ந்து பார்ப்பதே தகும். அதற்கு, விரிவாக ஆராயப்பட்டு உண்மைகள் பெரும்பாலும் வெளிப்பட்டுள்ள ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம்.

2011ஆம் ஆண்டு மே மாதத்தில் வட ஜேர்மனியில் ஒரு கொடிய நோய் பரவிற்று. மே 19ஆந் திகதி, ஹம்பேர்க் நகரின் பல்கலைக்கழக வைத்தியசாலையில் மூன்று குழந்தைகள் ஒரே வகையான சிறுநீரக நோயுடன் சேர்க்கப்பட்டமை பற்றி, பேர்லினிலுள்ள றொபேட் கொக் நிறுவகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்து வந்த நாட்களில் நோயாளர் தொகை நூற்றுக்கணக்கிற் பெருகிற்று. ஈ-கோலி என்னும் பற்றீரியாவின் ஒரு வகையே காரணம் எனக் கண்டனர். ஓ104 என இலக்கமிடப்பட்ட அவ்வகை குடலின் சுவரில் இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்பும், இரத்தத்தின் செவ்வணுக்களைச் சிதைத்துச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் நச்சினைச் சுரக்கும் இயல்பும் ஒருங்கே பெற்றிருந்தது. வழமையில் இத்தகைய நோய் சிறு குழந்தைகளையே கடுமையாகத் தாக்கும். இம்முறையோ பாதிக்கப்பட்டோரிற் பெரும்பாலார் வளர்ந்தோர்; அவர்களுள்ளும் பெண்களே மிகுதி. ஜூலை 26ஆந் திகதி நோய் ஓய்ந்தது என அறிவிக்கப்படும்வரை ஜேர்மனியிற் பதிவாகிய நோயாளர் 3,816 பேர். அவர்களுள் 845 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. 54 பேர் உயிரிழந்தனர். ஜேர்மனிக்குச் சென்று மீண்ட பயணிகள் வாயிலாக சுவீடன், டென்மார்க், ஐக்கிய அமெரிக்கா முதலாய நாடுகளிலும் நோயாளர் காணப்பட்டனர்.

எந்த உணவினால் நோய் வந்தது என்பது மே மாதத்தில் எவருக்கும் தெரியாது. நோயுற்றோர் உண்டவற்றை விசாரித்தபோது தக்காளி, வெள்ளரிக்காய், சலாது இலை என்பன அடிக்கடி பேசப்பட்டன. ஆகவே இவற்றைப் பச்சையாக உண்ணாதிருக்குமாறு மே 25ஆந் திகதி வட ஜேர்மனி மக்களுக்கு ஆலோசனை கூறப்பட்டது. அறியாமை நிலவும் வேளையிற் கூறப்படும் இத்தகைய எச்சரிக்கையைக் குறை கூறுவதற்கில்லை. மறுநாள் நடந்ததோ வேறு. ஹம்பேர்க் நகர அரசின் சுகாதாரப் பொறுப்பாளர், ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்களில் ஈ-கோலி காணப்பட்டதென அறிவித்து, அவற்றை நோயின் ஊற்றாகச் சுட்டினார். ஐந்து நாட்களின் பின் மே 31ஆந் திகதி, அவ்வெள்ளரிக்காய்களிற் காணப்பட்ட பற்றீரியா வேறு வகையைச் சேர்ந்தது, நோய்க்குக் காரணமானது அதுவன்று, என்பது தெளிவாயிற்று. ஆனால் அந்த ஐந்து நாட்களில் ஸ்பெயின் மரக்கறிகளை வாங்குவார் ஐரோப்பாவில் இல்லாமற் போயினர். ஜூன் 2ஆந் திகதி ரஷ்யா ஐரோப்பிய ஒன்றியத்தின் மரக்கறிகள் அனைத்தையுந் தடை செய்தது.

இவ்விழப்பு யார் தலையில் விழுந்தது என்பது நாம் ஊன்றி நோக்க வேண்டிய விடயமாகும். ஸ்பெயினின் தென்பகுதியிலுள்ள அல்மேரியா மாகாணத்தில் பிளாஸ்ரிக் கூரைகளின் கீழ் பல்லாயிரம் ஹெக்ரயர் நிலத்தில் மரக்கறி விளைகின்றது. அக்கூரைகளின் கீழ்க் கொதிக்கும் வெப்பத்தில் உழைப்போருட் பெரும் பகுதியினர் மொரோக்கோவிலிருந்தும் மேற்கு ஆபிரிக்காவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். அன்றாடக் கூலியையே நம்பி வாழ்பவர்கள். மரக்கறி விலைப்படாவிட்டால் அறுவடை இல்லை. அறுவடை இல்லையெனிற் கூலியும் இல்லை. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் 210 மில்லியன் யூரோவை இழப்பீட்டுக்கென ஒதுக்கியது உண்மையே. ஆனால் அவ்விழப்பீடு விற்கப்படாத வெள்ளரிக்காயின் நிறைக்கும் தக்காளியின் நிறைக்கும் ஏற்பக் கணிக்கப்பட்டது. கூலியாளன் இழந்த நாட்சம்பளம் அக்கணக்கிற் சேரவில்லை. ஹம்பேர்க்கிற் கூறப்பட்ட ஒரு சொல், அந்நகரை ஒருபோதுங் கண்டிராத ஒருவனின் அடுப்பை அணைத்தது.

நோயின் உண்மையான ஊற்றைக் கண்டுபிடித்த வரலாறு நமது மாணவர்கள் அறிய வேண்டிய ஒன்று. அந்நோயின் அறிகுறிகள் வெளிப்பட உணவு உண்டபின் சராசரி எட்டு நாட்கள் கழிந்தன. எட்டு நாட்களுக்கு முன் உண்ட மதிய உணவின் ஓரத்தில் தூவப்பட்டிருந்த இலை யாது, முளை யாது என்பதை யார் நினைவில் வைத்திருப்பர்? நோயாளரைக் கேட்டபோது முளைத் தானியம் உண்டதாகக் கூறியோர் சிலரே. அதனால் ஆய்வாளர்கள் மனித நினைவை மட்டும் நம்புவதை விடுத்து, ஒரே உணவகத்தில் உண்ட பத்துக் குழுவினரைத் தெரிந்து, அவர்கள் கேட்டுப் பெற்ற உணவு வகைகளைப் பற்றுச்சீட்டுகளிலிருந்து அறிந்து, அவ்வுணவுகளில் என்னென்ன சேர்க்கப்பட்டன என்பதைச் சமையற்காரரிடம் விசாரித்தனர். முளைகள் பரிமாறப்பட்டோர், ஏனையோரினும் 14 மடங்கு அதிகமாக நோயுற்றிருந்தனர். மறுபுறம், லோவர் சக்சனி மாநிலத்து அதிகாரிகள் நோய் கண்ட இடங்களுக்கு மரக்கறி வந்த வழிகளைப் பின்தொடர்ந்தபோது, நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களும் ஒரேயொரு முளைப்பண்ணையிற் சென்று முடிந்தன. ஜூன் 10ஆந் திகதி, முளைகளே நோயின் காரணம் என மூன்று அரச நிறுவனங்கள் கூட்டாக அறிவித்தன. தக்காளி, வெள்ளரிக்காய், சலாது பற்றிய எச்சரிக்கையும் அன்றே மீளப்பெறப்பட்டது.

கதை அத்துடன் முடியவில்லை. ஜூன் பிற்பகுதியில் பிரான்சின் பொர்தோ நகரின் அயலில் அதே நோய் தோன்றிற்று. அங்கு நோயுற்றோர் ஜேர்மனிக்குச் சென்றவர்கள் அல்லர். ஜேர்மனியப் பண்ணையின் முளைகளை உண்டவர்களும் அல்லர். உள்ளூரிலேயே வீட்டு முறையில் முளைக்க வைத்த விதைகளை உண்டவர்கள். இரண்டு இடங்களுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே: எகிப்திலிருந்து 2009ஆம் ஆண்டின் இறுதியிற் கப்பலேறிய 15,000 கிலோகிராம் வெந்தயம். அதில் 75 கிலோகிராம் அந்த ஜேர்மனியப் பண்ணைக்குச் சென்றது. ஒரு பகுதி இங்கிலாந்திற் சிறு பொதிகளாகக் கட்டப்பட்டுப் பிரான்சுக் கடைகளை அடைந்தது. நமது சமையலறைகளில் அன்றாடம் புழங்கும் அதே வெந்தயந்தான். கறியில் வேகும் வெந்தயம் கெடுதி செய்வதில்லை. வெப்பம் பற்றீரியாவைக் கொன்றுவிடும். வெதுவெதுப்பும் ஈரமும் உள்ள இடத்தில் நாட்கணக்காக வைத்து முளைகட்டும்போதோ, வித்திற் பதுங்கியிருந்த சில பற்றீரியாக்கள் கோடியாகப் பெருக வாய்ப்புண்டு. அதைப் பச்சையாக உண்ணும்போது ஆபத்து விளைகின்றது.

இவ்விடத்தில் நிதானம் அவசியம். அந்த வெந்தயத்தில் நோய்ப் பற்றீரியா நேரிற் கண்டுபிடிக்கப்படவில்லை. வியாபாரப் பாதையைப் பின்தொடர்ந்தே அம்முடிவுக்கு வந்தனர். மாசு விளைநிலத்திற் சேர்ந்ததா, களஞ்சியத்திற் சேர்ந்ததா, வழியிற் சேர்ந்ததா என்பது நிறுவப்படவேயில்லை. ஆகவே ஸ்பெயின் வெள்ளரிக்காய்க்குப் பதிலாக எகிப்திய உழவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது ஓர் அநீதியின் இடத்தில் இன்னோர் அநீதியை வைப்பதாகவே முடியும்.

இப்பொழுது நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், ஹம்பேர்க்கிலுள்ள உறவினர் வீட்டுக்குச் செல்லச் சீட்டெடுத்திருந்த பொர்தோ நகரத்துக் குடும்பமொன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ‘ஜேர்மனி ஆபத்தானது, பயணத்தை நிறுத்திவிட்டோம், தப்பினோம்’ என்று அவர்கள் ஆறுதலடைந்திருக்கலாம். பின் அயலில் நடந்த பிள்ளைகளின் விழாவொன்றுக்குச் சென்று, அங்கு பரிமாறப்பட்ட உணவின் மேல் தூவியிருந்த முளையை உண்டு நோயுற்றிருக்கவுங் கூடும். அவர்கள் அஞ்சியது ஒரு நாட்டின் பெயருக்கு. ஆபத்து இருந்ததோ ஒரு வியாபாரப் பாதையில். நோய் கடவுச்சீட்டுப் பெற்றுப் பிரயாணஞ் செய்வதில்லை. ஆனால் பண்டம் எல்லைகளைக் கடந்து செல்கின்றது. இலாபம் கருதி உலகமெங்கும் பண்டங்களை ஓடவிட்ட பொருளாதார அமைப்பில், ‘அங்கே’ என்றும் ‘இங்கே’ என்றும் கோடு கிழித்துப் பாதுகாப்பைப் பங்கிட முடியாது.

கணக்கு என்ன கூறுகின்றது? அக்கால ஜேர்மனியின் சனத்தொகை ஏறத்தாழ 8 கோடி. நோயுற்றோர் 3,816 பேர். அதாவது ஏறக்குறைய 21,000 பேருக்கு ஒருவர். வடபகுதியில் இவ்விகிதம் கூடுதலாக இருந்தது உண்மை. எனினும் அங்கும் பெரும்பான்மையோருக்கு எவ்விதத் தீங்கும் நேரவில்லை. கணிதங் கற்பிக்கும் ஆசிரியர் இதைக் காட்டி, ‘அஞ்ச வேண்டியதில்லை’ எனக் கூறலாம். அவர் கூறுவது பிழையன்று. ஆயினும் சிறிய எண் என்பது யாருடைய எண் என்ற கேள்வியைக் கணிதம் கேட்பதில்லை. அந்த 54 வீடுகளில் நேர்ந்த இழப்புப் பின்னமாக நேரவில்லை, முழுமையாகவே நேர்ந்தது. விகிதம் சிறிது என்பதனால் அச்சம் அர்த்தமற்றதாகிவிடாது. அச்சம் உண்மையானது என்பதனால் விகிதம் பெரிதாகிவிடவும் மாட்டாது. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்தில் இருத்திச் சிந்திப்பவரே பகுத்தறிவோடு முடிவெடுக்க வல்லவர்.

இனி, முடிவெடுக்கும் உரிமை யாருடையது என்ற கேள்வியும் உண்டு. வயது வந்த ஒருவர் தம் உயிர் சம்பந்தப்பட்ட ஆபத்தை அறிந்து ஏற்பது அவருடைய சுதந்திரம். பிள்ளையின் பொருட்டு அவ்வாபத்தை ஏற்பது சுதந்திரம் அன்று, அது பொறுப்பு. பிள்ளையிடம் சம்மதங் கேட்கப்படுவதில்லை. கேட்டாலும் அது விளங்கிச் சொல்லக்கூடிய விடையும் இல்லை. ஆகையால் தமக்கெனக் கொள்ளும் அளவுகோலினும் கடுமையான அளவுகோலைப் பெற்றோர் பிள்ளைக்கெனக் கைக்கொள்ள வேண்டும். ஆயின் கடுமையான அளவுகோல் என்பது வீட்டுக்குள் அடைத்து வைப்பது என்று பொருள்படாது. நோயை அறிந்தோர் கூறும் எச்சரிக்கையைத் தேடி அறிதல், அறிந்ததன்படி பிள்ளையின் உணவைக் கவனித்தல், வதந்திக்குச் செவி கொடாதிருத்தல் ஆகியனவே அதன் பொருள். மரணப்படுக்கையிலிருக்கும் பாட்டியைக் காணாமற் செய்வதும் பிள்ளைக்கு ஓர் இழப்பே என்பதையும் மறத்தலாகாது.

பயணத்தைத் தள்ளிவைக்கும் வாய்ப்பு எல்லார்க்கும் ஒருபடித்தாக இருப்பதில்லை என்பதையும் நோக்குக. விடுமுறையைக் கழிக்கச் செல்லும் செல்வர் இன்னொரு நாட்டைத் தெரிந்துகொள்வார். ஆண்டில் ஒருமுறை மாத்திரம் விடுப்புப் பெற்று, மீளப்பெற முடியாத சீட்டுக்குப் பணங் கட்டிய தொழிலாளிக்கு அத்தெரிவு இல்லை. ஹம்பேர்க்கிலேயே வாழும் பேருந்துச் சாரதிக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் ‘போகலாமா?’ என்ற கேள்வியே எழுவதில்லை. அவர்கள் அங்கேதான் இருக்கின்றனர். நோயாளரைப் பராமரித்த தாதியர் இரவு பகலாக அங்கேயே இருந்தனர். பயணி கேட்பது ‘அந்நாடு எனக்குப் பாதுகாப்பானதா?’ என்று. அந்நாடு அங்கு வாழ்வோருக்குப் பாதுகாப்பானதா என்று அவன் கேட்பதில்லை. ஆனால் முதற்கேள்வியின் விடை இரண்டாங் கேள்வியின் விடையிலேயே தங்கியிருக்கின்றது. அங்கு வாழ்வோரின் நீரும் உணவும் தூயனவாக இருந்தால் விருந்தினனும் நலமாயிருப்பான்.

இதற்கு அதே ஹம்பேர்க் நகரின் பழைய வரலாறே சான்று பகரும். 1892ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அங்கு வாந்திபேதி பரவிற்று. அந்நகரை அக்காலத்தில் ஆண்டது பெருவணிகர் செல்வாக்குக்குட்பட்ட சபை. எல்பே நதியின் நீரை வடிகட்டாமலே நகர மக்களுக்கு வழங்கி வந்தனர். வடிகட்டும் அமைப்புக்கான செலவைப்பற்றி ஆண்டுக்கணக்காக வாதித்துக் காலங் கடத்தியிருந்தனர். நோய் தோன்றிய பின்னரும், துறைமுக வியாபாரம் கெட்டுவிடுமே என அஞ்சி அதனைப் பகிரங்கப்படுத்தத் தாமதித்தனர். அதற்கிடையிற் குடிபெயர்வோரை ஏற்றிய கப்பல்கள் அமெரிக்கா நோக்கிப் புறப்பட்டுவிட்டன. வசதியுள்ளோர் புகையிரதமேறி நகரைவிட்டு அகன்றனர். வறியோர் அந்த நீரையே குடித்தனர். சில வாரங்களில் ஏறத்தாழ 8,600 பேர் மாண்டனர். வறியோர் வாழ்ந்த பகுதிகளே பெரிதும் அழிந்தன. ரஷ்யாவிலிருந்து அடக்குமுறைக்குத் தப்பி வந்த யூத அகதிகள் மீது பழி சுமத்தப்பட்டது. நோய்க் காலத்தில் அந்நியன்மீது பழி சுமத்துவது 2011ஆம் ஆண்டிற் பிறந்த வழக்கமன்று.

ஹம்பேர்க்கை அடுத்து, தெருவொன்றே எல்லையாக அமைந்திருந்தது அல்தோனா என்னும் நகரம். அதுவும் எல்பே நதியின் நீரையே குடித்தது. அதுவும் ஹம்பேர்க்கின் கழிவு கலந்த பின்னர் வரும் நீரை. ஆயினும் அந்நகரம் மணற்படுகைகளில் நீரை வடிகட்டி வழங்கிற்று. அங்கு வாந்திபேதி பரவவில்லை. நிலைமையை ஆராய வந்த றொபேட் கொக், எல்லைத் தெருவின் ஒரு புறத்தில் நோயும் மறுபுறத்தில் நலமும் இருக்கக் கண்டார். ஹம்பேர்க்குக்கு உரியதாயினும் அல்தோனாவின் நீரைப் பெற்ற குடியிருப்பொன்று நோயினின்றும் தப்பியது. அக்குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் ஏழைத் தொழிலாளர்களே. அவர்களைக் காத்தது செல்வமும் அன்று. ஓடிப்போகும் வசதியும் அன்று. நகர மக்கள் எல்லார்க்கும் பொதுவாக நீரை வடிகட்டித் தந்த மணற்படுகை காத்தது. பாதுகாப்பு யாருடையது என்ற தத்துவ விசாரத்துக்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ?

வீட்டில் இருந்துவிட்டாற் பாதுகாப்பு என்று எண்ணுவோர் யப்பானின் சகாய் நகரையும் நினைத்துப் பார்த்தல் நன்று. 1996ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்நகரப் பாடசாலைகளில் மதிய உணவு உண்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஈ-கோலியின் வேறொரு வகையினால் நோயுற்றனர். சிறுமியர் மூவர் இறந்தனர். முள்ளங்கி முளைகள்மீதே சந்தேகம் விழுந்தது. அப்பிள்ளைகள் எந்த நாட்டுக்கும் பயணம் போகவில்லை. அன்றாடம் போகும் வகுப்பறைக்கே போயினர். ஆசிரியர்களாகிய நாம் இதைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். பாடசாலையில் உண்ணும் பிள்ளையின் தட்டை அதன் தாய் சோதித்துப் பார்க்க இயலாது. அவள் நம்புகின்றாள். அந்நம்பிக்கைக்குத் தகுதியுடையதாகச் சமையலறையையும் களஞ்சியத்தையும் பரிசோதனையையும் அமைத்து வைப்பது சமுதாயத்தின் கடன்.

2011ஆம் ஆண்டின் நிகழ்ச்சியில் நம்பிக்கையூட்டும் அம்சங்களும் இல்லாமலில்லை. நோய்ப் பற்றீரியாவின் மரபணு அமைப்பை ஹம்பேர்க் வைத்தியர்களும் சீனாவின் ஷென்சென் நகர ஆய்வாளர்களும் கூட்டாக ஆராய்ந்து, ஜூன் மாதத் தொடக்கத்திலேயே எவருந் தடையின்றிப் பயன்படுத்துமாறு உலகுக்கு வெளியிட்டனர். பல நாட்டு விஞ்ஞானிகள், எவர் கூலியும் எதிர்பாராது, சில நாட்களுக்குள் அதனை விளக்கிக் காட்டினர். அறிவைத் தனியுடைமையாகப் பூட்டி வைக்காதபோது அது நோயின் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓட வல்லது என்பதை இது உணர்த்திற்று. முன்னர், உள்ளூர்ச் சுகாதார அலுவலகத்திலிருந்து மத்திய நிறுவகத்துக்கு நோய்ச்செய்தி சென்றடைய நாட்கள் பல கழிந்தன. 2013ஆம் ஆண்டிற் சட்டந் திருத்தப்பட்டு அத்தாமதம் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம், முளைக்கான விதை எங்கிருந்து வந்து எங்கே செல்கின்றது என்பதைப் பதிந்து வைக்க வேண்டுமெனவும், முளைப்பண்ணைகள் அங்கீகாரம் பெற வேண்டுமெனவும் விதிகள் செய்தது. இவையெல்லாம் 54 உயிர்கள் போன பின் வந்தவை என்பது வேதனைக்குரியது. ஆயினும் ஒவ்வொரு விதியும், அடுத்து அந்நாடுகளுக்குச் செல்லவிருக்கும் ஆயிரம் குடும்பங்களுக்கு ‘போகலாம்’ என்ற விடையை முன்கூட்டியே எழுதி வைக்கின்றது.

‘தத்துவம் இருக்கட்டும், நாளை புறப்பட வேண்டியவர் என்ன செய்வது?’ என்று வாசகர் கேட்பது நியாயமே. உணவினாற் பரவும் நோய் காற்றினாற் பரவும் நோய் போன்றதன்று. அதற்கு வாயே வாயில். ஆகையால் அத்தகைய நோய் நிலவும் நாட்டுக்குக் குடும்பத்தோடு செல்வது பெரும்பாலான வேளைகளிற் கூடாத செயலன்று. ஐயத்துக்குரிய உணவு இன்னதென அறிவிக்கப்பட்டிருந்தால் அதனை முற்றாக விலக்குதல் வேண்டும். அறிவிக்கப்படாத இடைக்காலத்தில், பச்சையாக உண்பவற்றைத் தவிர்த்து, நன்கு வெந்த உணவைச் சூடாறுமுன் உண்ணுதல் வேண்டும். 2011இல் முளைகள் கண்டுபிடிக்கப்படுமுன் இவ்விதியைக் கடைப்பிடித்தவர், வெள்ளரிக்காயைப் பற்றிய பிழையான செய்தியினாற்கூட ஏமாற்றப்பட்டிரார். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், நோயினால் நலிந்தோர் ஆகியோரின் பயணம் அத்தியாவசியமற்றதாயின் தள்ளிவைப்பதே அறிவுடைமை.

திரும்பி வந்தபின்னும் ஒரு கடமை உண்டு. ஜேர்மனிக்குப் போய் மீண்ட ஐந்து பயணிகள் ஐக்கிய அமெரிக்காவில் நோயாளராகக் காணப்பட்டனர். அப்பயணிகளுள் ஒருவரோடு பழகியதனால், எங்கும் போகாத ஆறாமவர் ஒருவருக்கும் நோய் தொற்றியதாகக் கருதப்பட்டது. எட்டு நாட்கள் கழித்தே வெளிப்படக்கூடிய நோயைப் பயணி தன்னையறியாமலே வீட்டுக்குக் கொண்டுவரலாம். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதலும், வயிற்றோட்டம் கண்டோர் பிறருக்குச் சமைக்காதிருத்தலும், மலத்தில் இரத்தங் காணப்பட்டால் தாமாக மருந்து வாங்கி உண்ணாது உடனே வைத்தியரிடஞ் சென்று, போய்வந்த இடத்தையும் உண்ட உணவையும் மறையாது கூறுதலும் வேண்டும். அவ்வாறு கூறப்படும் ஒவ்வொரு வாக்குமூலமும் பொது அறிவின் ஒரு துளியாகும். எட்டு நாட்களின் முன் உண்டதை நினைவுபடுத்திச் சொன்ன நோயாளர்கள் இல்லையெனில் நோயின் ஊற்றைத் தேடும் வழியே திறந்திராது.

1848ஆம் ஆண்டில், மேற்சைலீசியாவிற் பரவிய கொள்ளைக் காய்ச்சலை ஆராயுமாறு பிரஷ்ய அரசு றுடொல்ப் விர்ச்சோ என்னும் இளம் வைத்தியரை அனுப்பியது. மருந்துகளின் பெயர்களை எதிர்பார்த்திருந்த அரசுக்கு அவர் வேறு பட்டியலைக் கொடுத்தார்: கல்வி, சுதந்திரம், வறுமை ஒழிப்பு, மக்களாட்சி. நோயின் வேர் மக்களின் வாழ்நிலையில் உள்ளது என்பதை அவர் கண்டார். இன்று வேர் ஒரு மாகாணத்தின் எல்லைக்குள் அடங்குவதில்லை. எகிப்தில் ஏற்றிய விதை, இங்கிலாந்திற் கட்டிய பொதி, ஜேர்மனியில் முளைத்த முளை, பிரான்சில் நோயுற்ற குழந்தை ஆகிய யாவும் ஒரே நூலிற் கோக்கப்பட்டுள்ளன. விளைநிலத்தின் நீரைச் சோதிக்கவும், கூலியாளர் கை கழுவ நீரும் நோயுற்றால் ஊதியத்தோடு ஓய்வும் பெறவும், விதை வந்த வழியை எவரும் அறியவும் வகைசெய்யும்படி கோருவது, தொலைவிலுள்ள யாரோ ஒருவருக்காகச் செய்யப்படும் தர்மம் அன்று. அது நமது பிள்ளையின் தட்டைக் காக்கும் வேலையே.

‘நாம் போகலாமா?’ என்று கேட்பதைத் தடுப்பார் இல்லை, கேட்கத்தான் வேண்டும். கேட்டு, அறிந்து, அவதானமாகப் போகவும் வேண்டும். ஆனால் அத்துடன் நின்றுவிடாது, ‘அங்கே இருப்போர் எவ்வாறு இருக்கின்றனர்?’ என்று தொடர்ந்து கேட்கும் பழக்கத்தை நாமும் கொண்டு, நமது மாணவர்க்கும் பழக்குவோமாக.